முதுகில் திறக்கும் சட்டை

அத்தியாயம் 14

பூச்சி மருந்து அடிப்பவர் வீட்டில் பூச்சிகளுக்கு இடமில்லை என்பது நியாயம்தான். ஆனால் அந்த வீட்டு மருமகளே பூச்சிகளின் கட்சியில் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது? மூன்று வாரமாக நாம் வேடிக்கை பார்ப்பது இந்தக் கூத்தைத்தான்.

நடுவில் வந்தவர்களுக்காக நாலு வரி. டீச்சர் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். பள்ளி மைதானத்தில் ஐந்து பெரிய மரங்கள். இந்தக் கோடையில் அவற்றில் சிள்வண்டுகள் கூடிவிட்டன. காது கிழிகிற கத்தல். வரும் திங்கட்கிழமை மேல்வகுப்புகளுக்கு ஆண்டுத் தேர்வு. தேர்வுக் கூடமோ மரங்களுக்கு அடியில். "மருந்து அடித்து அத்தனையையும் ஒழியுங்கள்" என்று பெற்றோர் குழுத் தலைவி சொல்லிவிட்டார். அடிக்க வரப்போகிறவர் டீச்சரின் கணவர். ஃபோனை எடுத்து, "ஆகட்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆள் வரும்" என்று ஒப்புக்கொண்டவர் கணவரின் அக்கா.

டீச்சர் தலைமையாசிரியையிடம் கெஞ்சி ஒரே ஒரு பீரியட் வாங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை பதினொரு மணி வகுப்பில் குழுத் தலைவி வந்து உட்கார்ந்து பார்ப்பார். பார்த்த பிறகும் மருந்துதான் என்றால் டீச்சர் அதற்கு மேல் வாய் திறக்கக் கூடாது. இதுதான் ஒப்பந்தம்.

வெள்ளிக்கிழமை விடிந்தது.

டீச்சர் குளித்துவிட்டு வந்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினாள். அதற்குள் நாற்பத்திரண்டு சட்டைகள் இருந்தன. சிள்வண்டு மண்ணுக்குள்ளிருந்து மரமேறி வந்து, தன் பழைய தோலை அப்படியே விட்டுவிட்டுப் பறந்துவிடும். கண், மீசை, ஆறு கால் எல்லாம் இருக்கும். உள்ளே ஆள் இருக்காது. ஒரு மாதமாக, பள்ளி மணி அடிப்பதற்கு முன்னால் போய், ஒரு காலும் ஒடியாமல் மரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிச் சேர்த்தது. வகுப்பில் முப்பத்துநாலு பிள்ளைகள். ஆளுக்கு ஒன்று, கையில் கொடுக்க.

டின்னைத் திறந்தாள். உள்ளே வெள்ளை வெளேர் என்றிருந்தது.

"அண்ணி!"

நாத்தனார் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் இரண்டு தொழில் நடக்கிறது. முன்னறையில் தம்பியின் பூச்சி மருந்துக் கம்பெனி, பின்னறையில் அக்காவின் தையல். இரண்டுக்கும் ஃபோன் ஒன்றுதான். அதை எடுப்பவர் நாத்தனார்.

"என்னம்மா, காலங்காத்தால இப்படிக் கத்தறே?"

"இந்த டின்னுல யார் பவுடர் போட்டது?"

"நான்தான். நேத்து சாயங்காலம் லைனிங் துணி தேடினேனா, திறந்தா உள்ளே நாப்பது அம்பது பூச்சி! நம்ம வீட்டுலயே இந்தக் கூட்டமான்னு ஒரு பிடி பவுடரை அள்ளிப் போட்டு மூடி வெச்சேன்."

"அது பூச்சி இல்ல அண்ணி. வெறும் தோலு. உள்ளே ஒண்ணுமே கிடையாது."

நாத்தனார் ஊசியைக் கீழே வைத்தார். "உயிரே இல்லாததுக்கா பவுடர் போட்டேன்?"

"ஆமா."

"அதான் ஒண்ணுகூட துள்ளல. நானும் மருந்து நல்ல மருந்துன்னு நினைச்சேன்."

செத்த பாம்பை அடித்த கதைதான். வேறு எந்த வீட்டிலும் டின்னைத் திறந்தவர் ஐயோ என்று கத்தியிருப்பார், அல்லது தூக்கிக் குப்பையில் எறிந்திருப்பார். இந்த வீட்டில் மட்டும்தான் கை தானாக மருந்துக்குப் போகும். இருபது வருடப் பழக்கம்.

சத்தம் கேட்டு மருந்துக்காரர் வந்தார். (டீச்சரின் கணவரைத் தெருவில் எல்லோரும் கூப்பிடுவது அப்படித்தான், நாமும் அப்படியே கூப்பிடுவோம்.) டின்னை ஒரு பார்வை பார்த்தார். மனைவியின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இதை யாரும் தொடக் கூடாது."

"கழுவிட்டா?"

"கழுவினாலும் கூடாது. பிள்ளைங்க கை அடுத்த நிமிஷம் வாய்க்குப் போகும்."

அவர் டின்னை இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, மேலே கொட்டை எழுத்தில் 'விஷம்' என்று எழுதி, மருந்து அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். தொழிலில் சுத்தமான மனிதர். அந்தச் சுத்தம்தான் டீச்சருக்கு அப்போது எரிச்சலாக வந்தது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மரத்தில் போய்ப் புதிதாக எடுக்கவும் வழியில்லை. தேர்வு வருகிறதென்று நேற்றுத்தான் மரங்களைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஆள் உயரத்துக்கு வெள்ளை பூசியிருந்தார்கள். கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு சட்டைகூட மிச்சமில்லை.

"ஒரு வாரமா உங்களைக் கேட்டுட்டிருக்கேன்" என்றாள் கணவரிடம். "மருந்து வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை குழுத் தலைவிகிட்ட சொல்லியிருந்தா, நான் இந்த டின்னைத் தூக்கிட்டு அலைஞ்சிருக்க வேண்டாம்."

"நான் போய்ச் சொன்னா, பொண்டாட்டிக்காகப் பேசறான்னு சொல்வாங்க. அவங்களா கேட்டா, தெரிஞ்சதைச் சொல்வேன். தொழில் வேற, வீடு வேற."

"உங்களுக்குன்னு ஒரு பக்கம் கிடையாதா?"

மருந்துக்காரருக்கு ஒரு பக்கம் வாடிக்கையாளர், ஒரு பக்கம் மனைவி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவில் ஒரு கரையான் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

நாத்தனார் மட்டும் அங்கேயே நின்றார். செய்தது தப்பு என்று தெரிந்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. மன்னிப்புக் கேட்கவும் தெரியாது.

"அந்தத் தோலை வெச்சுக்கிட்டு என்னதான் காட்டப்போறே?"

"முதுகை, அண்ணி." டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா இருக்கும். வேரைக் கடிக்காது, சாறு மட்டும் உறிஞ்சிக்கும். ஒரு நாள் மேல ஏறி வந்து மரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும். அப்போ முதுகு நடுவுல நேர்கோடா ஒரு வெடிப்பு விடும். அது வழியா முதுகை வளைச்சுத் தள்ளித் தள்ளி வெளிய வரும். அந்தக் கோட்டைப் பிள்ளைங்க விரலால தடவிப் பார்க்கணும். அவ்வளவுதான்."

"முன்பக்கம் மூடி, பின்பக்கம் திறப்பு." நாத்தனாரின் கண் சுருங்கியது. "இறக்கை?"

"உள்ளேயே சுருட்டி மடிச்சு இருக்கும்."

"கசங்காதா?"

"கசங்கித்தான் வெளிய வரும். கொஞ்ச நேரம் அசையாம இருந்தா தானா விரியும்."

"அயர்ன் இல்லாமயே விரியுதா? அது குடுத்து வெச்ச துணி." நாத்தனார் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "பதினோரு மணிக்குத்தானே வகுப்பு? நீ போ."

"என்ன பண்ணப்போறீங்க அண்ணி?"

"கெடுத்தவ நான். தைக்கிறவளும் நான்தான். போன்னா போயேன்!"

*

மூன்றாம் வகுப்பு அறை மாடியில் இருக்கிறது. நான்கு ஜன்னல்கள். இரண்டு வாரமாக அங்கே நடந்ததைக் கேட்டால், நமக்கெல்லாம் ஏன் இப்படி ஒரு டீச்சர் வாய்க்கவில்லை என்று பொறாமை வரும்.

பிள்ளைகள் மரத்தடியில் மண்டியிட்டு, சிள்வண்டு வெளியேறிய ஓட்டைகளைப் பென்சில் விட்டு ஆழம் பார்த்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு டின் மூடி கொண்டு வந்து, நடுவில் கட்டை விரலால் அமுக்கி விட்டு 'டிக்டிக்' என்று சத்தம் எழுப்பக் கற்றிருந்தார்கள். ஆண் வண்டின் வயிற்றின் இரு பக்கமும் இப்படித்தான் ஒரு சவ்வு உள்ளே போய் வெளியே வரும். வாயால் அது பாடுவதே இல்லை. ஒரு டின் மூடிக்கே வீட்டில் அப்பாக்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்களாம்.

இதில் எதிலும் சேராத ஒரே பெண் முயல்.

எட்டு வயது, வகுப்பிலேயே சின்ன உருவம். ஆறு கால் உள்ள எதைப் பார்த்தாலும் துள்ளி பெஞ்ச் மேல் ஏறிவிடுவாள். பேர் வந்தது அப்படி. எறும்புக்கும் ஏறுவாள். இவளை எதில் சேர்ப்பது என்று யோசித்த டீச்சர், நாத்தனாரிடம் மிச்சப் பொத்தான் டப்பாவை வாங்கி வந்து கொடுத்திருந்தாள். "நீ எதையும் தொட வேண்டாம். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஜன்னல்கிட்ட போய்க் கண்ணை மூடிட்டுக் கேளு. சத்தம் இல்லன்னா நூல்ல ஒரு முடிச்சு மட்டும். லேசா இருந்தா முடிச்சுக்கு ஒரு பொத்தான். நல்லா இருந்தா ரெண்டு. நான் பேசறதே கேட்கலன்னா மூணு." ஒரு நாளுக்கு ஒரு சரம். அதோடு டீச்சர் அதை மறந்தும் போனாள். பயந்த பிள்ளைக்கு ஒரு வேலை, அவ்வளவுதான் அவள் கணக்கு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முயலின் அம்மாதான் பெற்றோர் குழுத் தலைவி.

பத்து ஐம்பதுக்கு அவர் வந்தார். பல் டாக்டர். கஞ்சி போட்ட மாதிரி நிமிர்ந்த நடை. பின் வரிசையில் குழந்தைகள் பெஞ்சில், முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமையாசிரியை.

"டீச்சர், உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல" என்றார். "நாள் முழுக்க என் காதுல டிரில் சத்தம். இங்க வந்தா மரத்துலயும் டிரில். எனக்குப் பழகிடுச்சு. ஆனா என் பெரிய பொண்ணு போன வருஷம் அந்தக் கூடத்துல ஒரு பேப்பரைக் கோட்டை விட்டா. வீட்டுக்கு வந்து தலையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. இன்னொரு பிள்ளைக்கு அது வரக் கூடாது."

நியாயமான பேச்சு. சிக்கலே அதுதான். கெட்டவர்களோடு சண்டை போடுவது சுலபம்.

நாத்தனாரைக் காணோம். பத்து ஐம்பத்தைந்து. பத்து ஐம்பத்தேழு. டீச்சர் கரும்பலகையில் வண்டின் முதுகை வரைய ஆரம்பித்தாள். அது கத்தரிக்காய் மாதிரி வந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். அளவு நாடா கழுத்தில் அப்படியே தொங்க, மூச்சு வாங்க, கையில் பையோடு நாத்தனார்.

பையிலிருந்து அவர் எடுத்ததைப் பார்த்து டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மண் நிறத்தில், தலையை மூடும் தொப்பியோடு, கழுத்திலிருந்து கால் வரை ஒரே துணியான உடுப்பு.

"அண்ணி, இது அவரோட மருந்து அடிக்கிற உடுப்பு!"

"புதுசு. பாக்கெட்டைப் பிரிக்காதது. மருந்து வாசமே படல, ரெண்டு தடவை மோந்து பார்த்துட்டுத்தான் கத்திரியை எடுத்தேன். முன்னால இருந்த ஜிப்பைப் பின்னால திருப்பினேன். உள்ளே இருக்கறவ கைக்கு எட்டாதேன்னு ஜிப்பைப் பிரிச்சுட்டு பிரஸ் பட்டன் வெச்சேன். முதுகை வளைச்சா பட் பட்டுன்னு தெறிக்கும்."

"நாலு மணிக்கு அவர் எதைப் போடுவார்?"

"பழசு போன வாரமே கிழிஞ்சாச்சு. இதுல கையையும் காலையும் வெட்டியாச்சு. தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன?"

நாத்தனார் முகத்தில் சிரிப்பு இல்லை. தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று டீச்சருக்கு விளங்கவில்லை. அவரைப் பதினான்கு அத்தியாயமாகத் தெரிந்த நமக்கும் விளங்கவில்லை.

"யார் போடறது?"

முப்பத்துமூன்று கைகள் உயர்ந்தன. நாத்தனார் எல்லோரையும் கண்ணால் அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். துணி போதவில்லை என்பதால் சின்ன அளவாக வெட்டிவிட்டார். அது ஒருத்திக்குத்தான் பொருந்தும். கை உயர்த்தாத அந்த ஒருத்திக்கு.

வகுப்பு முழுதும் திரும்பி முயலைப் பார்த்தது. பின் வரிசையில் டாக்டர், "அவ மாட்டா, பயப்படுவா" என்றார்.

டீச்சர் அவளருகே குனிந்தாள். "வேண்டாம்னா வேண்டாம்டா. கட்டாயம் இல்ல."

முயல் அந்த உடுப்பை வெகுநேரம் பார்த்தாள். "உள்ளே பூச்சி இருக்கா?"

"இல்ல. உள்ளே நீ மட்டும்தான் இருப்பே."

"அப்படின்னா போட்டுக்கறேன்."

*

வலைத் துணியில் செய்த இறக்கைகளை முதலில் முயலின் தோளில் மாட்டி, சுருட்டி, மடித்து, அதற்கு மேல் உடுப்பை மாட்டி, முதுகில் பதினோரு பட்டன்களையும் நாத்தனாரே அழுத்தி மூடினார்.

நான்கு பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, மேலே கறுப்புத் திரைச்சீலை. அதுதான் மண். இரு பக்கமும் பிள்ளைகள் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். அவர்கள் வேர்கள்.

"சில வகைக்கு ரெண்டு மூணு வருஷம், சில வகைக்கு அதைவிட ரொம்ப நிறைய" என்றாள் டீச்சர். "நாம நாலுன்னு வெச்சுக்குவோம். பெஞ்சுக்கு ஒரு வருஷம்."

முயல் திரைக்கு அடியில் தவழ்ந்தாள். "ஒண்ணு!" என்று வேர்கள் கத்தின. திரை மெல்ல மேடிட்டு நகர்ந்தது. "ரெண்டு!" மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் மேடு நின்றுவிட்டது. "முயல், பயமா இருக்கா?" என்று ஒரு வேர் கேட்டது. "இல்ல, சாறு குடிக்கிறேன்" என்று மண்ணுக்குள்ளிருந்து பதில் வந்தது. தலைமையாசிரியையே சிரித்துவிட்டார்.

நான்காம் வருடம் முயல் வெளியே வந்து நாற்காலி வழியாக மேஜை மேல் ஏறி, கரும்பலகையின் மேல் சட்டத்தை இரு கையாலும் பற்றிக்கொண்டாள். வகுப்பு மூச்சை அடக்கியது. அவள் முதுகை வளைத்தாள்.

பட். பட். பட். பட். பட்.

ஐந்து பட்டன்கள் திறந்தன. ஆறாவது திறக்கவில்லை.

முயல் இன்னொரு முறை வளைந்து தள்ளினாள். துணி விறைத்ததே தவிர விடவில்லை. தொப்பி கண்ணை மறைத்தது. உள்ளிருந்து "ம்... ம்..." என்று அழுகைக்கு முந்தைய சத்தம் வந்தது.

"நடுவுல மட்டும் பெரிய சைஸ் வெச்சுட்டேன்" என்று நாத்தனார் முணுமுணுத்தார். "பாவி நான், உறுதியா இருக்கட்டுமேன்னு நினைச்சேன்."

டாக்டர் எழுந்து இரண்டே எட்டில் மேஜைக்கு வந்துவிட்டார். கை பட்டனுக்கு நீண்டது.

"தொடாதீங்க ஆன்ட்டி!"

முப்பத்துமூன்று குரல்கள். டாக்டர் கை அந்தரத்தில் நின்றது.

"யாரும் உதவி பண்ணக் கூடாது!" முன் வரிசைப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "நாம பிடிச்சு இழுத்தா இறக்கை கோணிப் போயிடும். அப்புறம் பறக்கவே முடியாது!"

"டீச்சர்கூடத் தொடக் கூடாது. டீச்சரே சொன்னாங்க."

சொன்னவள் டீச்சர்தான். ஆனால் இப்போது அவள் கையும் பரபரத்தது. பிள்ளை பயந்து அழுதால் பாடமும் போச்சு, மரமும் போச்சு. இருந்தும் அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிள்ளைகளுக்குச் சொன்னதைத் தானே மீறினால், அதைவிடப் பெரிய தோல்வி வேறென்ன?

"முயல்" என்றாள். "வேண்டாம்னு சொல்லு, உடனே அவிழ்த்து விடறேன். சொல்றியா?"

உடுப்பு ஒரு முறை விம்மி அடங்கியது.

பிறகு, மூக்குறிஞ்சும் சத்தத்தோடு, "வேண்டாம். யாரும் தொட வேண்டாம்."

அவள் சட்டத்தைப் பிடித்திருந்த கைகளை இறுக்கினாள். முதுகை முழுசாக வளைத்து, தலையை நெஞ்சோடு சேர்த்து, ஒரே தள்ளு.

படார்!

ஆறாவது பட்டன் தெறித்து ஜன்னலில் போய் மோதியது. மற்ற ஐந்தும் வரிசையாகத் திறந்துகொண்டன. முயல் முதுகு முதலில், பிறகு தலை, பிறகு கைகள் என்று வெளியே வந்தாள். முகம் சிவந்து, முடி வியர்வையில் ஒட்டி, தோளில் கசங்கிய இரண்டு வலைத் துணிகளோடு மேஜை மேல் உட்கார்ந்தாள். யாரும் கை தட்டவில்லை. இறக்கை உலர வேண்டுமே! வகுப்பு முழுதும் கிசுகிசுப்பாக ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணியது. எண்ண எண்ண, வலைத் துணி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கம் விட்டு நீண்டது.

நூறு என்றதும் முப்பத்துமூன்று டின் மூடிகள் ஒரே நேரத்தில் வெடித்தன. கட்டடமே அதிர்ந்தது. முயல் மேஜை மேலிருந்து இரு கையையும் விரித்துக் குதித்தாள்.

அவளை அம்மா பிடித்துக்கொண்டார். இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. எறும்புக்குப் பெஞ்ச் ஏறுகிற பிள்ளை. டீச்சருக்கும் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டீச்சர், இதை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன். பொய் சொல்லல." நிறுத்தினார். "ஆனா பரீட்சை?"

டீச்சர் ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்தாள். பாடத்தைத் தாண்டி அவள் யோசித்திருக்கவில்லை.

"அம்மா" என்றாள் முயல், இறக்கையைச் சரிசெய்துகொண்டே. "பரீட்சை எப்போ?"

"திங்கட்கிழமைலேர்ந்து. தெரியாதா உனக்கு?"

"அது தெரியும். எத்தனை மணிக்கு?"

"எட்டரைலேர்ந்து பதினொண்ணு வரைக்கும்."

முயல் அம்மாவின் கையிலிருந்து இறங்கி ஜன்னலுக்குப் போய், ஆணியில் தொங்கிய பத்துச் சரங்களையும் கழற்றி வந்து மேஜையில் பரப்பினாள்.

"இது எட்டு மணி முடிச்சு. இது ஒன்பது. இது பத்து. பாரு, பொத்தானே இல்ல. வெயில் ஏறினாத்தான் பாட ஆரம்பிக்கும். பதினொண்ணுக்கு ஒரு பொத்தான். பன்னெண்டுக்கு ரெண்டு. ஒரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் மூணு மூணு."

டாக்டர் குனிந்தார். பல்லைச் சோதிக்கிற அதே நிதானத்தோடு ஒவ்வொரு சரத்தையும் மேலிருந்து கீழே விரலால் தடவினார்.

"பத்து நாளும் இப்படித்தானா?"

"ஒரு நாள் மட்டும் பத்து மணிக்கு ஒரு பொத்தான் இருக்கு. அன்னிக்கு ரொம்ப வெயில்."

"இதெல்லாம் டீச்சர் சொல்லிக் கோத்ததா?"

"டீச்சர் இதைப் பார்க்கவே இல்ல. நானே கேட்டு, நானே கோத்தேன்."

டீச்சருக்கு வெட்கம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். பத்து நாளாகத் தலைக்கு மேலேயே பதில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் கணவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

"அப்படின்னா போன வருஷம் உங்க அக்கா..." டாக்டர் தனக்குத்தானே சொல்வது போல ஆரம்பித்து நிறுத்தினார். "அது மத்தியானப் பேப்பர்."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். வீடு முழுக்க எதையோ தேடி அலைந்துவிட்டு வந்த முகம். அவர் பார்வை மேஜை மேல் முதுகு பிளந்து கிடந்த உடுப்பின் மேல் விழுந்தது.

"அக்கா, அது என் உடுப்பா?"

"ஆமாம்ப்பா. சட்டை உரிச்சுட்டுப் போயிடுச்சு" என்றார் நாத்தனார். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "நல்லவேளை வந்தீங்க. உங்களை ஒண்ணு கேட்கணும். உங்க வீட்டம்மா இங்க இருக்காங்கன்னு பார்க்காம சொல்லணும். மருந்து அடிச்சா இந்தச் சத்தம் நிக்குமா?"

மருந்துக்காரர் மனைவியைப் பார்க்கவே இல்லை. "நின்னுடும். வண்டும் கத்தாது, குருவியும் கத்தாது. மரம் உயரம் அதிகம், மருந்து கீழேயும் இறங்கும். ரெண்டு நாள் பிள்ளைங்க மைதானத்துல கால் வைக்கக் கூடாது."

"அடுத்த வருஷம்?"

"மண்ணுக்குள்ள இருக்கறதை மருந்து தொடாது. அது பாட்டுக்கு ஏறி வரும். நீங்க மறுபடி கூப்பிடுவீங்க, நான் மறுபடி வருவேன். எனக்கு நல்லதுதான். மரத்துக்கு அதால கெடுதல் ஒண்ணும் பெருசா இல்ல. முட்டை வைக்கிறப்போ சின்னக் கிளையில கீறல் விழும், அவ்வளவுதான். ரெண்டு மூணு வாரத்துல தானா ஓஞ்சுடும்."

"இதை ஏன் நீங்க முன்னாடியே சொல்லல?"

"நீங்க இப்பத்தான் கேட்டீங்க மேடம்."

டாக்டர் நிமிர்ந்தார். தலைமையாசிரியையிடம் திரும்பி, "நாலு மணி வேலை வேண்டாம். குழு சார்பா நான் சொல்றேன்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுத முடியாது. டின் மூடிகள், மேஜைகள், கால்கள் எல்லாம் சத்தம் போட்டன. நாத்தனாரைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள், "எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்க" என்று தொங்கினார்கள். முயலை நாலு பேர் தோளில் தூக்கினார்கள்.

டாக்டர் சத்தம் அடங்கக் காத்திருந்தார்.

"ஒண்ணு பாக்கி இருக்கு டீச்சர். வியாழக்கிழமை ஓவியத் தேர்வு. ரெண்டு மணிக்கு. முயல் கணக்குப்படி மூணு பொத்தான்." அவர் குரலில் கடுமை இல்லை, ஆனால் உறுதி இருந்தது. "நான் அன்னிக்குக் கூடத்து வாசல்ல நாற்காலி போட்டு உட்காரப்போறேன். சத்தம் தாங்காம ஒரே ஒரு பிள்ளை காதைப் பொத்தினாலும், வெள்ளிக்கிழமை மருந்து. சரியா?"

"சரி" என்றாள் டீச்சர்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

எல்லோரும் போன பின் தாழ்வாரத்தில் கணவனும் மனைவியும் மட்டும் நின்றார்கள். அவர் கையில் கையும் காலும் வெட்டுப்பட்ட உடுப்பு.

"மத்தியானம் ரெண்டு மணின்னா உச்சம். தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சரின்னே?"

"ஜெயிச்ச வேகத்துல வந்துடுச்சு."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு உதட்டோரம் துடித்தது, சிரிப்பு வந்தது. ஒரு வாரமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத சிரிப்பு. அவர் ஏதோ சொன்னார். மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. வெளியே ஐந்து மரமும் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டன. அவர் உதடு அசைவதுதான் தெரிந்தது.

"என்ன சொன்னீங்க?"

மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை.

"கேட்கலைங்க!"

மருந்துக்காரர் இரு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, மரங்களைத் தோற்கடிக்கிற குரலில் கத்தினார்.

"நான் உன் பக்கம்தான்னு சொன்னேன்!"

தாழ்வாரத்தின் ஆறு வகுப்புக் கதவுகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.